காயத்தைப் பார்த்தால் எந்தச் சிம்பாங் என்று தெரியும்

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கூடவே வளர்ந்த நண்பரின் மகள் நர்சிங் படிக்கிறாள். கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சி முடித்து ஊருக்கு வந்தவள் என்னைப் பார்க்க வந்தாள். "பெரியப்பா, அங்கேயும் மோட்டார் விபத்துதான், இங்கேயும் மோட்டார் விபத்துதான். ஆனா தோட்டப்புறத்திலிருந்து வர்ற கேஸ் மட்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கு? வலது கால் உடைஞ்சு எலும்பு வெளியே நிக்குது, இல்லேன்னா தலையில அடி. அதுவும் ஏன் இவ்வளவு மோசமாகித்தான் வந்து சேருது?" என்று கேட்டாள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதியே தருகிறேன் என்றேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

நான் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தோட்டத்து டிரெசர், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவர். நான் அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் எம்.ஏ.வாக, அதாவது மருத்துவ உதவியாளராக, 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் இதில் பாதி படித்தது, மீதி ராத்திரி இரண்டு மணிக்குக் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தது.

பெரிய விபத்துகளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். 2025 மே 13 அன்று நம் தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குப் பாதுகாப்புக்கு வந்து திரும்பிய எஃப்.ஆர்.யூ. கலகத் தடுப்புப் போலீஸ் லோரியும் கல் ஏற்றிய லோரியும் மோதி 9 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த மாதமே கிரிக் மலைச் சாலையில் பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் போனார்கள். நாடே பேசியது, பேச வேண்டியதுதான். ஆனால் 2023-இல் மட்டும் மலேசியச் சாலைகளில் 6,443 பேர் இறந்திருக்கிறார்கள். நாளைக்குக் கணக்குப் போட்டால் 17-க்கும் மேல். அதில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஒவ்வொருவராக, ஒவ்வொரு சிம்பாங்கில், அதாவது சாலைச் சந்திப்பில், போனவர்கள். அவர்களைப் பற்றி அந்த லயத்தைத் தாண்டி யாரும் பேசுவதில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். விபத்து எங்கே வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் நடக்கும் என்பார்கள். தோட்டப்புறத்தில் நான் பார்த்தது அப்படி இல்லை. நாலைந்து இடம், நாலைந்து விதம், அவ்வளவுதான் திரும்பத் திரும்ப. அதனால்தான் காயமும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கிறது. பல தடவை நோயாளி வாய் திறப்பதற்கு முன்னாலேயே "அந்த மில் சிம்பாங்கா?" என்று கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

முதலில் வலது கால். தோட்டத்து மண் ரோடு பெரிய ரோட்டில் வந்து சேரும் இடத்தை நினைத்துக்கொள். நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். மண் ரோட்டிலிருந்து வெளியே வந்தால் முதலில் குறுக்கிடும் வண்டி வலது பக்கத்திலிருந்துதான் வரும். கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிளில் வருகிறவன் மூக்கை நீட்டி எட்டிப் பார்ப்பதற்குள் காரின் பம்பர் வந்துவிடுகிறது. பம்பரின் உயரமும், மோட்டாரில் கால் வைக்கும் கட்டைக்கு மேலே இருக்கும் கணைக்காலின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பார், எலும்புக்கு மேலே வெறும் தோல்தான், சதையே இல்லை. அங்கே உடைந்தால் எலும்பு வெளியே வராமல் வேறு என்ன செய்யும்? கார்க்காரனுக்குத் தகரம் இருக்கிறது, மோட்டார்க்காரனுக்கு அந்தக் கால்தான் பம்பர்.

சிம்பாங்கில் ஏன் வண்டி தெரிவதில்லை என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். இதை எந்தப் பாடத்திலும் நான் படிக்கவில்லை. அப்பா காலத்தில் ரப்பர். பால்மரத் தோட்டத்தில் மரங்கள் நேராக, அடியில் கிளையில்லாமல் நிற்கும். ஊடே பார்த்தால் பெரிய ரோட்டில் வரும் பஸ் கண்ணுக்குத் தெரியும். இப்போது இருக்கும் செம்பனை, எண்ணெய்ப் பனை, அப்படி இல்லை. நட்ட மூன்றாவது வருடத்திலிருந்து மட்டை தரையைத் தொட்டுக்கொண்டு நான்கு பக்கமும் விரிந்துவிடும். மரம் உயர்ந்து மட்டை மேலே ஏறும்வரை, பல வருடங்களுக்கு, அது ஒரு பச்சைச் சுவர். 25 வருடத்துக்கு ஒரு தடவை மறுநடவு நடக்கும்போது பழைய மரத்தைச் சாய்த்துவிட்டுக் கன்று நடுகிறார்கள். நட்ட புதிதில் சிம்பாங் பளிச்சென்று தெரியும், எல்லாரும் வேகமாக வந்து பழகிவிடுவார்கள். அப்புறம் ஒரு வருடம் திடீரென்று மறைந்துவிடும், பழகிய வேகம் மட்டும் அப்படியே இருக்கும். எந்தச் சிம்பாங்கில் அடுத்து கேஸ் வரும் என்பதை எத்தனையோ தடவை மறுநடவு நடந்த வருடத்தை வைத்தே நான் சொல்லியிருக்கிறேன்.

இதோடு மழையையும் சேர்த்துக்கொள். டிராக்டர் சக்கரம் களிமண்ணை இழுத்துக்கொண்டு வந்து தார் ரோட்டில் போட்டுவிட்டுப் போகும். காய்ந்தால் தூசி, நனைந்தால் சோப்பு. செம்பனைக் குலை ஏற்றிய லோரியிலிருந்து உதிர்ந்த பழங்களும் அங்கேயே கிடக்கும். எண்ணெய்ப் பழம் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு அதன்மேல் ஒரு கப்சாயின் ஒல்லி டயர் ஏறுவதை யோசித்துப் பார்.

அந்தக் காலில் நகரத்துக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கோலாலம்பூரில் உடைந்த எலும்பு தாரில் உரசுகிறது. இங்கே சேற்றில், பாரிட் என்கிற வடிகால் தண்ணீரில், உரம் போட்ட மண்ணில் புதைகிறது. திறந்த முறிவில் எலும்பு உடைந்ததைவிட உள்ளே போன அழுக்குதான் காலை வாங்குகிறது. கிருமிக்கொல்லி ஊசி சீக்கிரம், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், போய்ச் சேர வேண்டும். டெட்டனஸ் ஊசி வேண்டும். அறுவைக்கூடத்தில் வைத்துப் புண்ணைத் திறந்து, செத்த சதையை வெட்டி, லிட்டர் கணக்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பலபேருக்கு வெளியே கம்பி வைத்துத்தான் எலும்பை நிறுத்த முடியும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும். எலும்புக்குள் சீழ் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருக்கும். எத்தனை டன் வெட்டினாரோ அத்தனைக்குக் கூலி வாங்கும் குலை வெட்டுக்காரருக்கு இது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் தாத்தாவைப் பார்த்தவள் நீ.

கால் எலும்பு பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் உடனே உயிரை எடுப்பது பெரும்பாலும் அது இல்லை. தொடை எலும்பு வேறு. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் தேங்கிவிடும். பெரியவர் உடம்பில் மொத்தமே 5 லிட்டர்தான். ரோட்டில் ரத்தம் இல்லையே, ஒன்றும் ஆகவில்லை என்று ஊரார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆள் வெளுத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது தலை. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும், பொறுத்துக்கொள்.

தலைக்கவசம் போட வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1973-லேயே வந்துவிட்டது. ஹெல்மெட் இல்லாத வீடு லயத்தில் இல்லை. மரணத்தை ஏறக்குறைய 42 சதவிகிதமும் தலைக்காயத்தை 69 சதவிகிதமும் அது குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நம் ஆட்கள் அதை எப்போது போடுவார்கள்? போலீஸ் நிற்கும் ரோட்டுக்கு. கடைக்கு, கோயிலுக்கு, பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு), பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) என்றால் "இங்கேதானே". அந்த "இங்கேதானே"தான் பெரும்பாலான கேஸ். நெடுஞ்சாலையில் ஈப்போ போய்வருகிறவன் கவனமாகப் போய் வந்துவிடுகிறான். ரொட்டி வாங்கப் போனவன் வருவதில்லை. கூடை நிறையச் சாமானும் அதன்மேல் உருண்டுகொண்டிருக்கும் ஹெல்மெட்டுமாக வந்த மோட்டார்களைப் போலீஸ் நிலையத்தில் எத்தனை பார்த்திருக்கிறேன்!

போட்டவர்களிலும் பாதிப் பேர் கொக்கியை மாட்டுவதில்லை. காதுக்கு வலிக்கிறதாம், வியர்க்கிறதாம். கொக்கி மாட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே பறந்துவிடும். தலை தரையைத் தொடுவது அதற்குப் பிறகு. தொப்பி போட்டுத்தான் இருந்தான் என்று குடும்பம் சத்தியம் செய்யும். பொய் இல்லை, போட்டுத்தான் இருந்தான்.

தலைக்காயத்தில் நீ ஒன்றை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விழுந்தவுடன் மயக்கம், கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்காருகிறான், தண்ணீர் கேட்கிறான், மோட்டாரைத் தூக்குங்கள் என்கிறான். எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வைக்கிறார்கள். இரண்டு மணி நேரமோ நாலு மணி நேரமோ கழித்து வாந்தி, தலைவலி, அப்புறம் எழுப்பினால் எழவில்லை. காதுக்கு மேலே மண்டையோடு மெலிந்த இடத்தில் உடைந்து, உள்ளே ஓடும் தமனி அறுந்து, மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நேரத்துக்கு ஸ்கேன் எடுத்து மண்டையைத் திறந்து அந்த ரத்தத்தை எடுத்துவிட்டால், மூளைக்காயங்களிலேயே நன்றாகத் தேறக்கூடியது இதுதான். நேரம் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நரம்பியல் அறுவை மருத்துவர் நமக்குப் பக்கத்தில் என்றால் ஈப்போ. தெலுக் இந்தானிலிருந்தே 80 கிலோமீட்டருக்குச் சொச்சம். நகரத்தில் இதே காயம் பட்டவனுக்கு அரை மணி நேரத்தில் கிடைப்பது இங்கே எப்படிப் பார்த்தாலும் இரண்டு மூன்று மணி நேரம். அதில் வீட்டில் படுத்திருந்த நான்கு மணி நேரத்தையும் சேர்த்தால்?

இதில் சம்பள நாள் ராத்திரி தனிக் கதை. அன்றைக்குச் சம்சு என்ற மலிவுச் சாராயம், பீர் எல்லாம் ஓடும். குடித்துவிட்டு ஓட்டுவதற்கு ரத்தத்தில் இருக்கலாம் என்ற அளவை 2020 அக்டோபரில் 100 மில்லிலிட்டருக்கு 80-லிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்தார்கள், தண்டனையையும் ஏற்றினார்கள். ஆனால் தோட்டத்துக்குள் யார் ஊதச் சொல்லப் போகிறார்கள்? குடித்தவன் விழுவது ஒரு ஆபத்து, குடித்தவன் விழுந்ததை மற்றவர்கள் நம்பாமல் இருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. வாடை அடிக்கிறது, குளறுகிறான், குறட்டை விடுகிறான், "போதையில் தூங்குறான், காலையில தெளிஞ்சிடும்" என்று திண்ணையில் போட்டுவிடுகிறார்கள். அடிபட்ட மூளையும் அப்படித்தான் குளறும், அப்படித்தான் குறட்டை விடும். வெளியே நின்று பார்த்து இரண்டையும் பிரிக்க என்னாலும் முடியாது, உன் பேராசிரியராலும் முடியாது. என் வேலைக் காலத்தில் ஒரு மருத்துவமனையில் இப்படி ஒருவரைக் குடிகாரர் என்று ஓரத்து ஸ்ட்ரெச்சரில் விட்டுவிட்டோம். "விட்டுவிட்டோம்" என்றுதான் சொல்கிறேன், நானும் அந்த ஷிப்டில் இருந்தேன். விடியற்காலை பார்த்தபோது ஒரு கண்மணி மட்டும் விரிந்திருந்தது. அன்றிலிருந்து வாடை அடிக்கும் ஆளை மற்றவர்களைவிட அடிக்கடி எழுப்பிப் பார்ப்பது என் பழக்கம். அரை மணிக்கு ஒரு தடவை, கண்மணி உட்பட. நீயும் அப்படியே செய்.

இன்னொன்று நம் கடலோரப் பக்கத்துக்கே உரியது. ரோட்டின் ஓரத்திலேயே ஆழமான பாரிட். செம்பனைக்குத் தண்ணீர் வடிய வெட்டியது. தார் முடிகிற இடத்தில் அரை அடிப் பள்ளம், அப்புறம் புல், அப்புறம் நேராகத் தண்ணீர். எதிரே வரும் விளக்கில் கண் கூசியோ, நாய் குறுக்கே ஓடியோ ஓரம் இறங்கினால் மோட்டாரோடு உள்ளே. காயம் பெரிதாக இருக்காது, லேசான மயக்கம்தான். ஆனால் முகம் தண்ணீருக்குள். யாரும் பார்க்காத ரோடு. காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள்தான் மோட்டாரின் பின் சக்கரத்தைக் கண்டு சொல்லுவார்கள். அதை வேறு எந்த வண்டியும் இடிக்கவில்லை, எவனும் ஓடிப்போகவில்லை. ஆளைத் தூக்க ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருப்பான், அவ்வளவுதான்.

அடுத்து தோள்பட்டை. மோட்டாரிலிருந்து தூக்கி எறியப்படுகிறவன் தோளில் விழுவான். காறை எலும்பு உடைவது சாதாரணம், தூளி கட்டினால் பெரும்பாலும் கூடிவிடும். நான் பயப்படுவது எலும்பு உடையாமலே கை தொங்கிவிட்டவர்களைப் பார்த்து. தோள் ஒரு பக்கமும் தலை எதிர்ப் பக்கமும் இழுபட்டால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து பிய்ந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. கால் முறிவோடு வந்தவனாக இருந்தால் எல்லாரும் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கை மரத்துப்போயிருக்கிறது, சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நரம்பை ஒட்டவோ மாற்றி வைக்கவோ செய்யும் அறுவை முதல் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் நன்றாக இருக்கும். நம் ஆட்கள் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வது ஒரு வருடம் கழித்து. எண்ணெய் தேய்த்து, உருவி, கயிறு மந்திரித்துக் கட்டி, எல்லாம் முடித்துவிட்டு. அதற்குள் நரம்பு போக வேண்டிய சதை சுருங்கிப்போயிருக்கும். நீண்ட கழியில் அரிவாள் கட்டி அண்ணாந்து குலை வெட்டுகிறவனுக்கு ஒரு கை என்பது அரை ஆள் இல்லை, வேலையே இல்லை.

எலும்பு வைத்தியரைப் பற்றி மரியாதையாகவே சொல்கிறேன். நல்ல கை உள்ள சிலரை எனக்குத் தெரியும். ஆனால் அடிபட்ட முதல் நாள் காலை உருவி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவது ஆபத்து. கால் உள்ளே வீங்கும், கட்டு நெகிழாது, ரத்த ஓட்டம் நின்றுவிடும். விரலை லேசாக நீட்டினாலே உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்றால் கட்டை அந்த நிமிடமே அறுக்க வேண்டும். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டுக்கும் இதே விதிதான்.

பிள்ளைகள். 16 வயதானால்தான் மோட்டார் ஓட்டும் பி2 உரிமம். நம் லயத்தில் 12 வயதுப் பையன் தங்கச்சியைப் பின்னால் உட்கார வைத்து டியூஷனுக்குக் கூட்டிப் போகிறான். இது உனக்கே தெரியும், நீயும் அப்படிப் போனவள்தான். முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போகும் குழந்தைக்கு ஹேண்டல் வயிற்றில் குத்தும். வெளியே ஒரு நாணயம் அளவுக்கு வட்டமான கன்றல், அவ்வளவுதான். உள்ளே மண்ணீரல், கல்லீரல், கணையம் எது கிழிந்திருக்கிறது என்று தெரியாது. அழுதது, மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம், தூங்கிவிட்டது என்பார்கள். மறுநாள் வயிறு உப்பி வெளுத்து வரும். அந்த வட்டக் கன்றலைப் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பாதே. பின்னால் உட்காரும் குழந்தைக்குக் குதிகால். கம்பிச் சக்கரத்துக்குள் கால் போய், குதியின் தோல் மூடி திறந்த மாதிரி கிழிந்து வரும். தைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் நசுங்கிய தோல் நான்கைந்து நாளில் கறுத்து உதிர்ந்துவிடும். அதனால் முதல் நாளே தாயிடம் சொல்லிவிடு, இல்லாவிட்டால் நீ தைத்தது சரியில்லை என்று வந்து நிற்பாள்.

மோட்டார் புகைக்குழாய், எக்சோஸ், சூட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணைக்காலில் முட்டை வடிவத் தழும்பு இல்லாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? வலது பக்கம் இறங்கினால் அதுதான். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் விட்டால் போதும். பற்பசை வேண்டாம், சோயா சாஸும் வேண்டாம்.

பெண்கள் புடவையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து கோயிலுக்குப் போகிறார்கள். முந்தானையோ துப்பட்டாவோ சங்கிலியில் மாட்டினால் பின்பக்கமாகத் தலை தரையில் அடிக்கும், கழுத்தும் முறியலாம். கால் போட்டு உட்கார மாட்டேன் என்றால் புடவையை இழுத்துச் செருகிக்கொள்ளவாவது வேண்டும். எத்தனை தடவை சொன்னாலும் உன் பெரியம்மா கேட்கவில்லை. இப்போது கார் வந்துவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது.

அப்புறம் லோரி. பெரிய ரோட்டோரத்தில் விளக்கு இல்லாமல் நிறுத்தி வைத்த லோரியின் பின்பக்கம், விடியற்காலை 5 மணி, பெரட்டுக்குப் போகிற மோட்டார். லோரியின் தளம் மோட்டார்க்காரனின் முகத்துக்கு நேரே இருக்கும். கால் உடையாது, கை உடையாது. முகம் மட்டும் உள்ளே போய்விடும். தாடையும் மூக்கும் நொறுங்கி, ரத்தம் தொண்டைக்குள் இறங்கி மூச்சடைத்தே செத்துப்போவார்கள். இப்படிப்பட்டவரை மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது. தலையையும் கழுத்தையும் உடம்போடு சேர்த்துப் பிடித்து ஒருக்களித்து விட வேண்டும். அவரே உட்கார்ந்து முன்னால் குனிந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தால் படு படு என்று தள்ளாதே, அவருக்குத் தெரியும் எப்படி மூச்சு வருகிறதென்று.

டிராக்டர் காயம் இன்னும் வேறு. டிரெய்லரின் ஓரத்தில் உட்கார்ந்து போகிறவர் குலுங்கி விழுந்து பின் சக்கரத்துக்கு அடியில் போனால் இடுப்பெலும்பு நசுங்கும். இடுப்புக்குள் எவ்வளவு ரத்தம் வேண்டுமானாலும் தேங்கும். இடுப்பை அழுத்திப் பார்க்கிறேன் என்று ஆட்டாதே, ஒரு போர்வையை மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி அப்படியே அனுப்பு. இதில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்து, இந்தோனேசியப் பையன்கள். ராத்திரியில் கறுப்புச் சட்டையோடு ரோட்டோரம் நடந்து கடைக்குப் போய் அடிபடுகிறவர்களும் அவர்கள்தான். பெயர் சொல்லக்கூட ஆள் இல்லாமல் வருவார்கள்.

கார் கேஸ் குறைவுதான், ஆனால் தீபாவளி சமயத்தில் வரும். பின் இருக்கையில் பெல்ட் போட வேண்டும் என்பது 2009 ஜனவரியிலிருந்து சட்டம். பழைய சாகா காரில் ஏழு பேர் ஏறினால் யாருக்கு எந்த பெல்ட்? பின்னால் உட்கார்ந்த பாட்டி முன்னால் பறந்து ஓட்டுகிறவனின் கழுத்தை உடைப்பாள்.

நீ கேட்டதில் இரண்டாவது பாதி, ஏன் மோசமாகி வருகிறது என்பது. தூரம் ஒரு காரணம், அதை நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ரோட்டோரத்தில் நடப்பது. 999-ஐக் கூப்பிட்டால் எங்கே என்று கேட்பார்கள். "எஸ்டேட் உள்ளே, மாரியம்மன் கோயில் தாண்டி" என்றால் தெலுக் இந்தானிலோ ஈப்போவிலோ உட்கார்ந்திருப்பவருக்கு எந்த மாரியம்மன் என்று தெரியாது. கைப்பேசியில் இருக்கும் இடத்தை அனுப்பத் தெரிந்த ஒருவரையும், சிம்பாங்கில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட ஒருவரையும் ஒதுக்கினாலே பத்து நிமிடம் மிச்சம். அதற்குள் ஆளை ஹைலக்ஸ் வண்டியின் பின்னால் தூக்கிப் போட்டு, ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் இழுத்துக்கொண்டு வருவது, கழுத்து உடைந்தவனை முடமாக்குவதற்கு நல்ல வழி. வேறு வழியே இல்லை என்றால் பலகையோ கதவோ வைத்துத் தூக்குங்கள்.

ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. கோப்பித்தூளையும் மஞ்சளையும் புண்ணில் கொட்டாதீர்கள். அதைக் கழுவி எடுக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆகும். குடிக்க மைலோவோ கோப்பியோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போகும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. 2010-இல் வெளிவந்த ஆய்வு, 20,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்தது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் உயிர் காக்கும், அதற்குப் பிறகு கெடுதலாகவும் ஆகலாம் என்று பின்னர் தெரிந்தது. அதனால்தான் வந்தவுடன் நான் முதலில் கேட்பது எப்படி விழுந்தான் என்பதை இல்லை, எத்தனை மணிக்கு விழுந்தான் என்பதை. நம் பக்கத்தில் அதற்குத்தான் சரியான பதில் வராது.

காசு விஷயம் சுருக்கமாக. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்த விபத்துக்கு சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு உதவி உண்டு. 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் வேண்டும், அதில் வேலைக்குப் போகிற வழி என்று எழுதியிருக்க வேண்டும். நம் ஆட்கள் "மோட்டாரில் விழுந்தேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து அலைவார்கள். படுக்கையில் இருக்கும்போதே வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடு, அது உன் வேலை இல்லை என்று யாராவது சொன்னாலும்.

தடுப்பதைப் பற்றியும் கேட்பாய். 1992-இல் மோட்டாரில் பகலிலும் விளக்கைப் போட்டே ஓட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது எல்லாரும் சிரித்தோம், வெயிலில் விளக்கா என்று. கண்ணில் படாததால் நடக்கும் மோட்டார் விபத்துகள் ஏறக்குறைய 29 சதவிகிதம் குறைந்தன என்று நம் நாட்டு ஆய்வாளர்களே கணக்கெடுத்தார்கள். ஒரு பல்புதான். லயத்து மோட்டார்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையாக நிறுத்திப் பார், எத்தனைக்கு முன் விளக்கு எரிகிறது, எத்தனைக்குப் பின் விளக்கு எரிகிறது என்று. போன வருடம் கோயில் வாசலில் நான் எண்ணியபோது வெட்கமாகிவிட்டது, எண்ணிக்கையை எழுதாமல் விடுகிறேன்.

இன்னொன்று. நம் பழைய தோட்டத்துச் சிம்பாங்கில் மறுநடவு நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது ரோடு இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிகிறது, பையன்கள் நிற்காமலே திரும்புகிறார்கள். முதல் இரண்டு வரிசைக் கன்றுகளை எடுத்துவிடும்படி, முடியாவிட்டால் ரோட்டுப் பக்கத்து மட்டைகளையாவது வெட்டிவிடும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒரு மரம் போனால் எத்தனை குலை போகும் என்று தோட்டத்துக் கிராணி, அலுவலக எழுத்தர், கணக்குக் காட்டினார். அடுத்த லீவுக்கு வரும்போது நீயும் கூட வா, சீருடையோடு வந்தால் இன்னும் நல்லது. அவருக்கு அந்த வலது காலின் கணக்கை நீ காட்டு.